ஒரே பானைச் சோறு

"என்ரை தம்பியை அவன்ரை பெண்சாதி நஞ்சு வைச்சுக் கொல்லுறாள், ஐயா!"

கதிரையில் உட்காருவதற்கு முன்னமே வழக்கைத் தீர்த்துவிட்டார் கனகாம்பிகை. தம்பி கோகுலன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். உடம்பில் ஆர்சனிக் என்று டொக்டர் சொன்னதும், சமைத்தவள் மனைவி பிரசாந்திதானே என்று அவனும் நம்பி, அவளைக் கிட்ட வரவிடாமல் செய்துவிட்டான்.

துப்பறிவாளர் பஞ்சலிங்கம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். உதவியாளர் கீர்த்திகாவுக்கோ அப்போதே பிரசாந்தியைப் பிடித்துவிடக் கை துறுதுறுத்தது.

"வீட்டிலை நீங்கள் மூண்டு பேரும் ஒரே பானைச் சோறுதானே?" என்றார் பஞ்சலிங்கம்.

"ஓம். தம்பி விளைவிச்ச சிவப்பரிசி. அவன்ரை சாப்பாட்டுக் கோப்பையிலை மட்டும் கலந்திருக்கிறாள்."

"அவ இப்ப கிட்டவும் போறேல்லை. தம்பிக்குச் சுகமோ?"

"வரவர மோசம்." மடியிலிருந்த பிளாஸ்க்கை அணைத்தபடி எழுந்தார். "ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு."

கோகுலனின் வீட்டு அடுக்களையைக் கீர்த்திகா தலைகீழாகப் புரட்டினாள். ஒன்றும் அகப்படவில்லை. பஞ்சலிங்கம் ஒரு பிடி அரிசியைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, கொல்லையில் மயிர் கொட்டிப்போய்ப் படுத்துக் கிடந்த ஆட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் பிரசாந்தியை அவளுடைய தாய்வீட்டில் கண்டார்கள். அழுது முகம் வீங்கியிருந்தது. கீர்த்திகாவின் சந்தேகம் அந்த முகத்தைக் கண்டதும் ஆட்டம் கண்டது.

"ஊர் என்னவும் கதைக்கட்டும், ஐயா. நான் செய்யேல்லை எண்டு அவருக்கு மட்டும் சொல்லுங்கோ."

"ஆட்டுக்கு என்ன குடுக்கிறனீங்கள், பிள்ளை?"

"இலைகுழையும், சோறு வடிச்ச கஞ்சியும்."

அந்நேரம் கைபேசி அடித்தது; அரிசியைச் சோதித்த இடத்திலிருந்து. கேட்டதும் பஞ்சலிங்கம் துள்ளி எழுந்தார். "ரெண்டு பேரும் காரிலை ஏறுங்கோ. கெதியா!"

ஆஸ்பத்திரி விறாந்தையில் கனகாம்பிகை நின்றிருந்தார். அவர் கையிலிருந்த பிளாஸ்க்கைப் பஞ்சலிங்கம் வாங்கித் திறந்தார். உள்ளே சிவந்த கஞ்சி.

"நஞ்சை ஒருத்தரும் கலக்கேல்லை, அம்மா. அது அரிசிக்குள்ளையே இருக்கு. வயலிலை எப்பவோ ஆரோ பழைய பூச்சிமருந்தைப் புதைச்சிருக்கோணும். நெல்லு வேராலை இழுத்திட்டுது."

"அப்ப எங்களுக்கு ஏன் ஒண்டும் இல்லை?"

"உங்கடை உடம்பிலும் இருக்கும், சோதிக்கோணும். ஆனால் நிறையத் தண்ணியிலை அவிச்சு வடிச்சால், நஞ்சிலை பெரும்பங்கு கஞ்சியோடை போயிடும். சோறு மூண்டு பேருக்கும். கஞ்சி ஆருக்கு?"

கனகாம்பிகை பிளாஸ்க்கைப் பார்த்தார். "ஆட்டுக்கு... தம்பிக்கு. வயல்வேலைக்குத் தெம்பு எண்டு முந்தியும், வருத்தக்காரனுக்கு எண்டு இப்பவும் நான்தான் நாள்தோறும்..." அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

கீர்த்திகாவுக்கு வெட்கமாக இருந்தது. எவ்வளவு லேசாக ஒருத்தியைக் கொலைகாரி ஆக்கிவிட்டோம்!

"போய் அவரிட்டைச் சொல்லு, பிள்ளை," என்றார் பஞ்சலிங்கம்.

பிரசாந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு வார்ட்டுக்குள் ஓடினாள். கோகுலனின் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. தாதி வெளியே வந்து இல்லையென்று தலையசைத்தாள்.

பிரசாந்தி திரும்பி வந்தபோது அழவில்லை.

"நான்தான் எண்டு நினைச்சுக்கொண்டே போயிட்டார், ஐயா. இனி ஆருக்குச் சொல்லுறது?"