வராதவருக்கு எடுத்த அட்டை

எப்சிபா மூச்சை விட்டு முடித்த பிறகும் அறையில் ஒரு மூச்சு மிச்சம் இருந்தது.

சாயங்காலம் ஐந்தேகால். போடிமெட்டுப் பக்கமிருந்து இறங்கிய காற்று ஜன்னல் கொக்கியை டக் டக்கென்று ஆட்டியது. தெருமுனை ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் சலிக்கும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. அந்த மூச்சும் காற்றுதான் என்று முதலில் நினைத்தாள். ஆனால் காற்றுக்கு நெஞ்சுச் சளி கிடையாது. இது நெஞ்சில் கரகரத்து, மூக்கு வழியாக வந்து, அவள் இடது காதோரம் நின்றது. அவள் கண்ணைத் திறக்கவில்லை. திறக்கக் கூடாது.

பத்து நாள் பௌத்த தியான முகாமில் கற்றுவந்த விரதம் அது. ஒரு மணி நேரம் கண் திறப்பதில்லை, கை காலை அசைப்பதில்லை. உடம்பில் எது வந்தாலும் வேடிக்கை பார்க்க வேண்டும், எழக் கூடாது. எப்சிபாவுக்கு இது சுலபமாக வந்தது. ஏலக்காய் ஏற்றப் போன கணவன் முத்துராஜா, ஜீப் மலைப்பாதை வளைவில் உருண்டு செத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து அவளுக்கு எதுவுமே உறைக்கவில்லை. காபி சுட்டால் நாக்கில் கொப்புளம் கண்ட பிறகுதான் தெரியும். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் கெசியா ஓடிவந்து கட்டிக்கொண்டால், துணிமூட்டையைத் தாங்குகிற மாதிரி தாங்கிக்கொள்வாள். பெற்ற பிள்ளை மேல் மறுபடி பாசம் ஊற வேண்டும். அதற்காகத்தான் முகாமுக்கே போனாள்.

முகாமில் பழக்கமான குமுளிக்காரி ஒருத்தி, கிளம்பும்போது குறி பார்க்கிற டாரட் படச் சீட்டுக் கட்டு ஒன்றைக் கையில் திணித்தாள். "தினம் ஒண்ணு எடுத்துப் பாத்துட்டு உக்காரு சேச்சி. மனசு தன்னால பேசும்." தியானத்தோடு வேறெதையும் கலக்காதீர்கள் என்று முகாமில் குரு சொல்லியிருந்தார். எப்சிபா கலந்தாள். சபையில் தெரிந்தால் வீடு தேடி வந்து ஜெபம் பண்ணிவிடுவார்கள்தான். ஆனால் பயப்படுவதற்கும் ஓர் உணர்ச்சி வேண்டுமே.

தப்பு அங்கே நடக்கவில்லை. வருஷப் பிறப்பன்று நடந்தது.

புத்தாண்டு ஆராதனை முடிந்து வந்ததும் முத்துராஜா எல்லாருக்கும் வாக்குத்தத்த அட்டை எடுப்பான். வசனம் அச்சடித்த சின்ன அட்டை, ஆளுக்கு ஒன்று. உள்ளங்கையில் வைத்து, "மொத ஜெபம் பண்ணு, பெறகு பாரு" என்று விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிடுவான். வெளியூரில் இருப்பவர் பேரில் எடுத்தால் வேதாகமத்துக்கு அடியில் வைப்பான். அவரே வந்து தன் கையால் எடுக்கும்வரை யாரும் அதைத் தொட மாட்டார்கள்.

இந்த வருஷம் எப்சிபா கோயிலுக்குப் போகவில்லை. வீட்டிலேயே டாரட் கட்டைக் கலைத்து கெசியாவுக்கு ஒன்று எடுத்தாள். பழக்க தோஷத்தில் முத்துராஜா பேருக்கும் ஒன்று எடுத்து வேதாகமத்துக்கு அடியில் வைத்துவிட்டாள். தனக்கு எடுக்கவில்லை, அவளுடையதை எப்போதும் அவன்தான் எடுப்பான். அவன் சீட்டில் ஒரு பழைய முற்றம். பெரிய பையன் ஒருவன் சின்னப் பெண்ணுக்கு வெள்ளைப்பூ வைத்த கோப்பையை நீட்டிக்கொண்டிருந்தான்.

மூன்றாம் வாரம்தான் அந்த மூச்சு வந்தது. மறுநாளும் வந்தது. ஏலக்காய் வாசனையும் டீசல் வாசனையும் சேர்ந்து வந்தன. வேதாகமத்துக்கு அடியிலிருந்த சீட்டு விரல்கடை அளவு வெளியே நீண்டிருந்தது. அடுத்த நாள் இரண்டு விரல்கடை.

கீழ்வீட்டுச் சுகிர்தம் படியில் மறித்தாள். "ஏத்தா, மாடியில யாரோ இருமுறாகளே. விருந்தாளி வந்திருக்காகளா?"

"யாருமில்ல மதினி."

அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் அந்த மூச்சு படும்போது காதோர மயிர் லேசாகச் சிலிர்த்தது. எட்டு மாதத்தில் அவளுக்குத் தெரிந்த ஒரே உணர்ச்சி அது. அதை விட அவளுக்கு மனசில்லை.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு, ஆறுக்கு அலாரம் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். உள்ளங்கைகள் மடியில் விரிந்திருந்தன. அரை மணி கழித்துப் படியில் ஷூ சத்தம்.

"அம்மா, டியூஷன் விட்டுட்டாக."

பை தரையில் விழுந்தது. அம்மா உட்கார்ந்திருக்கும்போது தொடக் கூடாது என்று கெசியாவுக்குத் தெரியும். தண்ணீர் குடிக்கும் சத்தம். அப்புறம், வேதாகமத்தின் தோல் அட்டை தூக்கப்பட்டு மெதுவாக விழுந்த சத்தம்.

"அப்பா! எப்ப வந்தீக?"

கண்ணைத் திற என்றது மனசு.

வருவதைப் பார், எழாதே. பழகிய உடம்பு எழவில்லை.

"எனக்கா?" என்றாள் பிள்ளை. சிரித்தாள். பூ வாசனை வந்தது.

எப்சிபா பார்த்துக்கொண்டிருந்தாள். இமைக்குள் இருட்டை. பெரிய மூச்சு. சின்ன மூச்சு. சின்ன மூச்சு நின்றது.

அலாரம் அடித்தது. கண்ணைத் திறந்தாள்.

புத்தகப் பை. கழற்றி வைத்த ஷூ. மூடி திறந்த தண்ணீர் பாட்டில். பாய்மேல் அந்தச் சீட்டு. அதில் முற்றம் மட்டும் இருந்தது.

குளியலறை, மொட்டைமாடி, தெரு என்று ஓடினாள். வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்த சுகிர்தம் நிமிர்ந்தாள். "பிள்ள மேல ஏறுனதப் பாத்தேன்த்தா. எறங்கலையே. நான் இங்கனயேதான இருக்கேன்."

மேலே வந்து சுவரில் சாய்ந்தாள். கண் தானாக மூடியது.

இரண்டு மூச்சு.

திறந்தாள். ஒன்றுமில்லை. கொக்கி மட்டும் ஆடியது.

மூடினாள். இரண்டு மூச்சு. பெரியது. சின்னது. பக்கத்தில்.

அதற்குப் பிறகு அவள் திறக்கவில்லை. தடவித் தடவிப் பாயில் உட்கார்ந்தாள். கீழே சுகிர்தம் ஆட்களைக் கூப்பிட்டாள். படியில் பல காலடிகள். கதவைத் தட்டினார்கள். "எப்சிபா! கதவத் தெற!" அவள் தாழ் போடவே இல்லை. கதவு திறக்கவும் இல்லை.

முழங்காலில் ஒரு சின்னக் கை. ஈரம். ஐஸ். தண்ணீர் பாட்டில் பிடித்த கை.

தெரிந்தது. எல்லாம் தெரிந்தது. நாக்கில் கொப்புளம் எரிந்தது. எட்டு மாத அழுகையும் மூடிய இமையை முட்டிக்கொண்டு வெளியே வந்தது. என் தங்கமே, என் தங்கமே என்று வாய் புலம்பியது. பிள்ளை மேல் அத்தனை பாசம் இருந்தது.

விரிந்திருந்த உள்ளங்கையில் மெல்லிசாக ஏதோ விழுந்தது. நான்கு முனை. வழவழப்பு.

"அம்மா," என்றது காதோரம் சின்ன மூச்சு. "ஒனக்கும் அப்பா எடுத்துட்டாக."

பெரிய கை ஒன்று, அவள் விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கியது.