நாற்பத்தொன்பது நிமிடப் பதிவு

மாலை 4.52. நாகலூர் ஒலிப்பதிவுக் கூடத்தின் பக்கத்து அறையிலிருந்து பாடகி சிவரஞ்சனி வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டே வெளியே வந்தாள். மைக்கில் உரசுமென்று மேசைமேல் கழற்றி வைத்திருந்த மூன்று பவுன் சங்கிலியைக் காணவில்லை.

5.20. ஏற்காட்டிலிருந்து எஸ்.ஐ. செல்லப்பன் வந்து சேர்ந்தார். கூடத்தில் வேறு இருவர்தான். ஒலிப்பதிவாளர் சின்னராஜ், பெருக்கித் துடைத்துத் தேநீர் போடும் தலைச்சோலைக் கிராமத்து ராசம்மாள்.

“அந்த ரூமுக்குள்ள போனீங்களா?”

“சுடுதண்ணி வைக்கப் போனேனுங்க. நாலு நாப்பது இருக்கும். சங்கிலி மேசை மேலதான் கெடந்துச்சு. வச்சுட்டு அடுப்படிக்குப் போயிட்டேனுங்க.”

“அங்க உங்களை யாரு பார்த்தா?”

“அடுப்புதாங்க பார்த்துச்சு.”

செல்லப்பன் சிரிப்பை அடக்கிக்கொண்டு சின்னராஜிடம் திரும்பினார்.

“நாலு மணிக்கு ஆரம்பிச்சேன் சார். ஏழு பாட்டு, ஒரே மூச்சு. நாப்பத்தொன்பது நிமிஷம்னு கம்ப்யூட்டரே காட்டுது. சீட்டை விட்டு எந்திரிக்கல. முடிஞ்சு அரை நிமிஷத்துல மேடமைக் கூப்பிட்டுட்டேன்.”

“ஆமாங்க,” என்றாள் சிவரஞ்சனி. “நாலு மணிக்குப் போனை அணைச்சேன், சிவப்பு விளக்கு எரிஞ்சுது. முடிஞ்சதும் ‘சேவ் ஆகுது, அசையாதீங்க’ன்னார். கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். வெளிய வந்து போனைப் பார்த்தா நாலு அம்பது.”

“கண்ணை மூடி எவ்வளவு நேரம்?”

“தெரியலைங்க. பாட்டு நின்னாலும் எனக்குள்ள ஓடிட்டேதான் இருக்கும்.”

கணக்கு ஒத்துப்போனது. மிச்சம் ராசம்மாள் ஒருத்திதான். செல்லப்பன் வெளியே நின்ற ஜீப்பைப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

“அதுல ஏத்திராதீங்க சாமி. ஏறிட்டா நாளைக்கு எந்த ஊட்டுலயும் என்னை வேலைக்குச் சேர்க்க மாட்டாங்க.”

5.45. சாட்சியமாகப் பதிவை நகலெடுக்க, செல்லப்பன் ஏற்காட்டில் ஒலிபெருக்கிக் கடை வைத்திருக்கும் பாத்திமாவை அழைத்திருந்தார். போன மாதம் இந்தக் கருவிகளை இணைத்துக் கொடுத்தவள் அவள்தான். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, கைப்பையில் ஸ்க்ரூடிரைவரோடு வந்தாள்.

பதிவு ஓடியது. அடியில் சுருதிப் பெட்டியின் ரீங்காரம், மேலே சிவரஞ்சனியின் குரல்.

“அய்யோ, எம்மாங் கனமா இருக்கு என் குரல்,” என்றாள் பாடகி. “பனி தொண்டையில இறங்கிடுச்சு போல.”

“ஏற்காட்டுப் பனிங்க மேடம். வெந்நீர் குடிங்க,” என்றான் சின்னராஜ்.

செல்லப்பனும் தலையாட்டினார். அவருக்கும் மூன்று நாளாகச் சளி. பாத்திமா மட்டும் தலையாட்டவில்லை.

“மேடம், சுருதிப் பெட்டியைத் தொட்டீங்களா?”

“இல்லைங்க. வச்சது வச்சபடி இருக்கு.”

“பதிவு ஓடட்டும். அதையும் போடுங்க.”

இரண்டும் சேர்ந்ததும் எல்லோருக்கும் பல் கூசியது. பதிவிலிருந்த ரீங்காரம் சுருதியில் கீழே கிடந்தது. நேரில் ஒலித்தது மேலே நின்றது.

“பாடறவங்களுக்குச் சளி பிடிக்கும் சார். சுருதிப் பெட்டிக்குப் பிடிக்குமா?”

அவள், மைக்குகளின் ஒலியைக் கலக்கும் மிக்சரின் முதுகில் செருகியிருந்த கார்டைத் தொட்டுக் காட்டினாள்.

“இது இல்லாட்டி மிக்சரும் கம்ப்யூட்டரும் ரெண்டு ஊரு. நடுவுல ஓடற பஸ்ஸு இது. முப்பத்திரண்டு மைக்கோட சத்தமும் ஒண்ணோட ஒண்ணு இடிக்காம, அதது சீட்டுல உட்கார்ந்து போகும். ஆனா ரெண்டு ஊருக்கும் ஒரே கடிகாரம் வேணும். மிக்சர் ஒரு நொடியை நாப்பத்தெட்டாயிரம் துண்டா வெட்டி அனுப்புது. கம்ப்யூட்டர்ல பாருங்க, நொடிக்கு நாப்பத்து நாலாயிரத்து நூறுன்னு இருக்கு. துண்டு அதேதான், பரிமாறறதுதான் மெதுவா. பாட்டு நீளும், குரல் தடிக்கும்.”

விசைப்பலகையில் அந்த எண்ணை நாற்பத்தெட்டாயிரமாக மாற்றினாள். திரையில் நீளம் சுருங்கியது: நாற்பத்தைந்து நிமிடம், ஒரு நொடி. சிவரஞ்சனியின் குரல் மெலிந்து, தெளிந்து, பெட்டியின் ரீங்காரத்தோடு ஒட்டிக்கொண்டது.

எத்தனையோ வாக்குமூலம் எழுதிய செல்லப்பன், ஒரு பொய் இவ்வளவு இனிமையாக உடைந்து கேட்டதில்லை.

“பாட்டு நாலு நாப்பத்தஞ்சுக்கே முடிஞ்சிருச்சு,” என்றார் மெல்ல. “மேடம் கண்ணை மூடியிருந்தது அரை நிமிஷம் இல்லை, அஞ்சு நிமிஷம். பக்கத்து ரூமுக்குப் போயிட்டு வர அது போதும்.”

“செட்டிங் தப்பா விழுந்திருக்கும் சார்,” என்றான் சின்னராஜ்.

“நான் ரெண்டு பக்கமும் நாப்பத்தெட்டு வச்சுட்டுப் போனேன்,” என்றாள் பாத்திமா. “சரி, தப்புன்னே வச்சுக்குவோம். ஏழு வருஷமா இந்த வேலை பார்க்கறீங்க. சுருதி இறங்கினது சாருக்குத் தெரியாது, நியாயம். உங்க காதுக்குமா தெரியல? மேடம் பனின்னதும் வெந்நீர் வைத்தியம் சொன்னீங்களே, நான் அங்கதான் உங்களைப் பிடிச்சேன்.”

சின்னராஜின் பார்வை ஒரு கணம் அலமாரி உச்சிக்குப் போய்த் திரும்பியது. கார்டு வந்த காலி அட்டைப் பெட்டி அங்கே இருந்தது. பாத்திமா அதை எடுத்துக் காதருகே குலுக்கினாள்.

“காலிப் பெட்டி சத்தம் போடக் கூடாதுங்களே.”

பஞ்சுத் தக்கைக்கு அடியில் சங்கிலி சுருண்டு கிடந்தது.

6.25. ஜீப்பில் கான்ஸ்டபிளோடு சின்னராஜ் ஏறினான். “நீங்களும் முன்னாடி உட்காருங்கம்மா, தலைச்சோலையில இறக்கி விடறேன்,” என்றார் செல்லப்பன்.

ராசம்மாள் மறுப்பாகத் தலையசைத்தாள். “நொம்ப சந்தோசமுங்க. ஆனா ஊருசனம் ஜீப்பைத்தான் பார்க்கும், முன்னாடியா பின்னாடியான்னா பார்க்கும்? நான் பஸ்ஸுலயே போறனுங்க.”

செல்லப்பன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அவளோடு பஸ் நிறுத்தம்வரை நடந்தார். மறுபக்கம் பாத்திமா ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே வந்தாள். பஸ் வந்தது. உள்ளே அத்தனை தலைகளும் திரும்ப, எஸ்.ஐ. ராசம்மாளின் பையை வாங்கிப் படியில் வைத்தார்.

“பார்த்துப் போங்கம்மா,” என்றார், கடைசி சீட்டுக்கும் கேட்கும்படி.