இளைப்பாறும் ஸ்கூட்டர்

"இந்தக் காலத்து ஆளுகளுக்கு ஈவு இரக்கமே கிடையாது. மாடா இருந்தா என்ன, வண்டியா இருந்தா என்ன? ஏறி உக்காந்தா விரட்டுறதுதான்! இளைப்பாற விடணும்னு எவனுக்காவது தோணுதா?"

முணுமுணுத்தபடி மைக்கேல்சாமி தாத்தா மின்சார ஸ்கூட்டரைப் புளியமர நிழலில் நிறுத்தினார். ஆவூரிலிருந்து புறப்பட்டது முதல் ஒரு நிழலையும் அவர் விட்டுவைக்கவில்லை.

பின்னால் உட்கார்ந்திருந்த ஜாஸ்பினுக்கு அழுகை முட்டியது. அவள் அப்பா ஜெரோம் லாரி ஓட்டுகிறார். ஈஸ்டருக்குக்கூட வீட்டுக்கு வரவில்லை. இன்று நார்த்தாமலைக்குப் பாதை பிரியும் விலக்கில் டீ குடிக்கக் கொஞ்ச நேரம் நிற்பார். அப்புறம் வடக்கே போய்விடுவார். அப்பா சட்டையில் டீசலும் சோப்பும் கலந்த ஒரு வாசனை வரும். அதுகூட அவளுக்கு மறந்துகொண்டே வந்தது.

"தாத்தா, போவோம் தாத்தா. ராத்திரி கரண்ட் இல்லாம சரியா சார்ஜே ஏறல. ரெண்டு கோடுதான் காட்டுது."

"அதுக்குத்தான் நிக்கிறேன். இந்தா பாரு, ரெண்டு மூணாச்சு! தெம்பு வந்துருச்சா?"

உண்மைதான். ஒரு கோடு திரும்ப வந்திருந்தது. தாத்தா பழைய மொபெட்டை முறுக்குவதுபோல் ஒரே முறுக்காக முறுக்கினார். வந்த கோடு வந்த வழியே போனது.

ஜாஸ்பின் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். மோட்டார் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று காட்ட, ராபின் சித்தப்பா ஒரு சின்ன மீட்டர் மாட்டியிருந்தார். கிளம்பும்போது அதில் இருபத்தைந்து. வேகம் ஏற ஏற இருபது, பதினைந்து... முழு வேகத்தில் ஒன்பதுதான்! தாத்தாவின் கை என்னவோ முறுக்கிய முறுக்கில்தான் இருந்தது.

அடுத்த நிழல் வந்தது.

"நிறுத்தாதீங்க தாத்தா! ஓடும்போது இது கொஞ்சமாத்தான் கரண்ட் குடிக்குது. நின்னு கிளம்புறப்பதான் மடக்மடக்குன்னு குடிக்குது!"

"போடி இவளே! ஓடுற மாட்டுக்குத்தானே மூச்சு வாங்கும்?"

"எங்க ஸ்கூல் ராட்டினம் கிளம்புறப்பதான் தம் கட்டித் தள்ளணும். சுத்த ஆரம்பிச்சுட்டா லேசாத் தொட்டாப் போதும்."

"அது ராட்டினம். இது வண்டி."

நிறுத்தியேவிட்டார். இந்த முறை எந்தக் கோடும் திரும்பவில்லை. மிஞ்சியிருந்த ஒற்றைக் கோடும் விட்டுவிட்டு மின்னியது. முன்னால் ஒரு மேடு வேறு.

ஜாஸ்பின் கீழே குதித்தாள்.

"நீங்க மெதுவா முறுக்குங்க. மேட்டுல நான் தள்ளுறேன், உச்சியில ஏறிக்கிறேன். அங்கிட்டு இறக்கம்தான். ஆனா விலக்கு வர்ற வரைக்கும் நிக்கக் கூடாது!"

"நடுவுல படுத்துருச்சுன்னா?"

"வீடு வரைக்கும் நானே தள்ளிட்டு வாரேன்."

தாத்தா அவள் முகத்தைப் பார்த்தார். புழுதியில் கண்ணீர் கோடு போட்டிருந்தது.

"ஒங்கப்பன் பிடிவாதம் அப்படியே இருக்கு. தள்ளு."

ஜாஸ்பின் மூச்சைப் பிடித்துத் தள்ளினாள். உச்சியில் ஏறிக்கொண்டாள். மீட்டரில் எண் ஒற்றை இலக்கத்தைத் தாண்டவில்லை. நிழல்கள் வந்தன, போயின. ஒவ்வொன்றையும் தாத்தா ஏக்கத்தோடு திரும்பிப் பார்த்தார். ஜாஸ்பினோ முன்னால் மட்டுமே பார்த்தாள்.

பாறைக் குன்றுகள் தெரிந்தன. டீக்கடை தெரிந்தது. அதன் பக்கத்தில் பச்சை லாரி!

"அப்பா!"

ஜெரோம் டீ கிளாஸை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்து அவளைத் தூக்கினார். டீசலும் சோப்பும். ஜாஸ்பின் அந்தச் சட்டையிலேயே முகம் புதைத்துக்கொண்டாள். பிறகுதான் தாத்தா பக்கம் திரும்பினாள்.

"பாத்தீங்களா தாத்தா? நிக்காமதான் வந்தோம்!"

"முன்னாடி நான் குடுத்த ஓய்வுதான் இம்புட்டுத் தூரம் கொண்டுவந்துச்சு."

ஜெரோம் சிரித்தார். "கடையில சார்ஜ் போட்டுருவோம்ப்பா."

"என்னத்தையோ சொருகு. அது கேக்குறது ஓய்வுதான்." தாத்தா தன் துண்டை ஸ்கூட்டர் சீட்டின் மேல் விரித்தார். "நிக்காம ஓடிக் களைச்சுக் கெடக்கு. லாரி கிளம்புற வரைக்கும் இதை ஒருத்தரும் தொடக் கூடாது. அதுவரைக்கும் நீ ஒங்கப்பன்கிட்ட இரு."

தலையை ஆட்டிக்கொண்டே அவர் டீக்கடையைப் பார்த்து நடந்தார்.

இந்த ஓர் ஓய்வுக்கு மட்டும் ஜாஸ்பின் மறுபேச்சுப் பேசவில்லை.