அந்தப் பக்கம் ஒரு வழி

அடையாற்றங்கரைத் தோப்புக்குள் நுழைந்துவிட்டால் குல்சும் வைத்ததுதான் சட்டம். புங்க மரத்தை அவள் கப்பல் என்றால் அது கப்பல். அங்கே பெரிய ஆலமரத்தின் வேருக்கடியில் மழைத்தண்ணீர் அரித்து ஒரு சுரங்கம் உண்டாகியிருந்தது. ஒரு பக்கம் ஆடாக நுழைகிறவர் மறுபக்கம் புலியாக வெளியே வர வேண்டும். அதுவும் அவள் போட்ட சட்டம்தான். அவளுடைய ஐந்து வயதுத் தம்பி கரீமுல்லா ஒரு நாளில் எத்தனை முறை புலியாக மாறுவான் என்பதற்குக் கணக்கே கிடையாது.

ஆனால் வீட்டுக் கொல்லையில் வெட்டிய பதுங்கு குழியைக் கண்டால் மட்டும் அவன் நடுங்கினான்.

அது யுத்தகாலம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே பயந்து கிடந்தது. அபாயச் சங்கு ஊதினால் எல்லோரும் குழிக்குள் இறங்கிவிட வேண்டும். ஒத்திகைச் சங்கு ஊதியபோதெல்லாம் கரீமுல்லா விறைத்துக்கொண்டு நின்றான். தூக்கப் போன அம்மாவின் கையைக் கடித்தே விட்டான்.

"பிள்ளைய மேல வுட்டுட்டு நான் மட்டும் இறங்குவனா?" என்று அம்மாவும் வெளியிலேயே நின்றாள். அத்தா என்று அவர்கள் அழைத்த தகப்பனார் இறந்து இன்னும் மூன்று மாதம்கூட ஆகவில்லை. இவர்களும் போய்விட்டால்? குல்சும் இருவர் கையையும் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

மறுநாள் தோப்பில், சுரங்கத்திலிருந்து உறுமிக்கொண்டு வந்த தம்பியைப் பிடித்து நிறுத்தினாள்.

"இங்கயும் இருட்டுதானே? இதுல மட்டும் எப்படிடா போற?"

"இதுல அந்தப் பக்கம் வழி கீதே."

"நம்ம வூட்டுக் குழியில?"

புலி தலையைக் குனிந்துகொண்டது. "அத்தாவ அந்த மாதிரி குழியிலதான் வெச்சாங்க. மேல பலகை அடுக்கினாங்க. மண்ணு போட்டாங்க. அத்தா வரவே இல்லக்கா."

கபர்ஸ்தானுக்கு அடக்கம் செய்ய ஆண்கள்தான் போனார்கள். தம்பியையும் தூக்கிப் போனார்கள். வீட்டு வாசலோடு நின்றுவிட்ட குல்சுமுக்கு இதெல்லாம் தெரியாது. வீட்டுக் குழிக்கு மேலும் பனம்பலகை, அதற்கு மேலும் மண். பாவம், இத்தனை நாளும் இதை ஒண்டியாக மனசில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அவள் நேரே பக்கத்து வீட்டுப் பக்கிரியிடம் போனாள். அந்தக் குழியை வெட்டியவர் அவர்தான்.

"மண்வெட்டி வேணும் மாமா. குழிக்கு அந்தக் கோடியில இன்னொரு வழி வெட்டணும்."

"குண்டு இப்படி வந்தா நீ அப்படி ஓடிடுவியா?" என்று அவர் சிரித்தார். காரணத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. இருவருமாக வெட்டினார்கள். மாலைக்குள் மறுகோடியில் படிகள் வந்துவிட்டன. குல்சுமின் உள்ளங்கையில் கொப்புளங்களும் வந்துவிட்டன.

அந்த வாரமே சங்கு விட்டு விட்டு அலறியது. ஒத்திகையா, நிஜமா என்று யாருக்கும் தெரியவில்லை. கரீமுல்லா குழியின் விளிம்பில் நின்று, மறுகோடியில் தெரிந்த வெளிச்சத்தை எட்டிப் பார்த்தான். பிறகு "மே" என்று மெல்லச் சொல்லிக்கொண்டே அக்காவின் கையைப் பிடித்து இறங்கினான். அம்மாவும் பின்னால் இறங்கினாள்.

பலகை இடுக்கிலிருந்து மண் உதிர்ந்தது.

"அக்கா, அத்தாவுக்கும் அந்தப் பக்கம் வழி இருந்திருக்குமா?"

தோப்பில் எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பவள் குல்சும். இப்போது தம்பியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "இருக்கும்டா" என்றாள்.

"இன்னாவா மாறி வருவாரு?"

இருட்டுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"உங்க அத்தாவாவேதான் வருவாரு."

கரீமுல்லா அம்மாவின் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டான்.

அபாயம் நீங்கிய சங்கு நீளமாக ஊதியது. மறுகோடிப் படிகளில் முதலில் ஏறியது கரீமுல்லாதான். மேலே நின்று, திரும்பிக் குனிந்து, அம்மாவுக்குக் கை கொடுத்தான்.