இல்லாத குதிரைக்குச் சேணம்

வீட்டில் எல்லோரும் அவளை இன்ஸ்பெக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். டப்பாவில் ஒரு பிஸ்கட் குறைந்தால் போதும், அத்தனை பேரையும் வரிசையாக நிற்க வைத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள். வயது பத்துதான். ஆனால் அவள் முறைத்துப் பார்த்தால் தப்பே செய்யாதவர்களுக்கும் லேசாக வியர்க்கும்.

அப்படிப்பட்ட இன்ஸ்பெக்டருக்கே ஒரு திங்கட்கிழமை வியர்த்துவிட்டது.

அவளுடைய அம்மா தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு தையல் மிஷின், ஒரு அயர்ன் மேசை, மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர். துணி வெட்டித் தரும் மாஸ்டர் ஊரின் இன்னொரு கோடியில் இருந்தார். அவருக்கு அளவுகள் மெயிலில் போகும். அவரிடமிருந்து டிசைன் படங்கள் மெயிலில் வரும். எல்லாம் இலவச மெயில். திரையின் மூலையில் ஒரு வெள்ளைப் புறா, அலகில் கடிதத்தைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதனால் வீட்டில் அதற்குப் புறா மெயில் என்று பெயர். வீட்டில் எல்லோருக்கும் அந்த ஒரே மெயில்தான்.

அன்று பல் டாக்டரம்மா புதுக் கோட்டுக்குக் காலர் டிசைன் பார்க்க வந்திருந்தார். அம்மா மெயிலைத் திறந்து காட்டினார். காலர் படத்துக்குப் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் ஒரு விளம்பரம் வந்து நின்றது. 'பேன் தொல்லையா? ஏழே நாளில் ஒழியும்.' கீழே, நன்றாகச் சாப்பிட்டுக் கொழுத்த ஒரு பேனின் படம்.

டாக்டரம்மாவின் கை தானாகத் தலைக்குப் போனது. நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"அவசரமில்ல. இன்னொரு நாள் வந்து பாத்துக்கறேன்" என்று எழுந்து போய்விட்டார்.

"என்ன கண்றாவிப் படத்தையெல்லாம் போடறாங்க" என்று அம்மா முணுமுணுத்தார்.

அயர்ன் மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்த இன்ஸ்பெக்டருக்கு உள்ளங்கை ஈரமாகிவிட்டது. ஏனென்றால், அவள் தலையில் உண்மையாகவே பேன் இருந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் முடியை ஒட்ட வெட்டிவிடுவார் என்று பயம். இந்த உலகத்தில் ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தாள். அதுவும் முந்தாநாள், புறா மெயிலில். அம்மா கண்ணில் படாமல் இருக்க, அனுப்பியதும் அழித்துவிட்டிருந்தாள்.

அந்த ஒருத்தி சுருட்டை. ஒன்றாம் வகுப்பிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்த சிநேகிதி. அப்பாவுக்கு மாற்றல் வந்ததால் போன வருஷம் வேறு ஊருக்குப் போய்விட்டாள். வருகிற சனிக்கிழமை விடுமுறைக்கு வந்து ஒரு வாரம் தங்குவதாக ஏற்பாடு. அந்த நாளுக்காக இன்ஸ்பெக்டர் காலண்டரில் ஒவ்வொரு தேதியாக அடித்துக்கொண்டு வந்தாள்.

சுருட்டை யாரிடமாவது உளறியிருப்பாளோ? அவள் அண்ணன் விளம்பர ஆபீசில்தானே வேலை பார்க்கிறான்? அதுவும் போக, கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. பதில் போடாமல் இருப்பவள் மேல் சந்தேகம் வராதா?

செவ்வாய்க்கிழமை பேன் சீப்பு விளம்பரம் வந்தது. புதன்கிழமை பேன் எண்ணெய் வந்தது.

சந்தேகப் பட்டியலில் தம்பியும் இருந்தான். அவனுக்கு ஆறு வயது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியதிலிருந்து, கண்ணில் பட்டதையெல்லாம் சத்தமாக வாசித்துவிடுவான். சரியான ஓட்டை வாய். அவள் மெயில் எழுதும்போது பின்னால் நின்று பார்த்திருக்கலாம்.

இன்ஸ்பெக்டர் ஒரு பொறி வைத்தாள். ஆளுக்கு ஒரு பொய். எந்தப் பொய் விளம்பரமாக வருகிறதோ, அதைக் கேட்டவர்தான் குற்றவாளி.

முதலில் தம்பி.

"ஒரு ரகசியம். யார்கிட்டயும் சொல்லாத. நான் டிரம்ஸ் கத்துக்கப் போறேன்."

"எதுக்கு?"

"எதுக்கோ. சொல்லக்கூடாது, அவ்வளவுதான்."

"அப்பாகிட்ட மட்டும் சொல்லலாமா?"

"கூடாது."

"பக்கத்து வீட்டு நாய்கிட்ட?"

இன்ஸ்பெக்டர் யோசித்தாள். "சரி, நாய்கிட்ட சொல்லிக்கோ."

அடுத்தது சுருட்டை. தம்பி வெளியே விளையாடப் போனதும் மெயிலில் எழுதினாள்: 'நாங்கள் ஒரு குதிரை வாங்கப் போகிறோம். கடைக்குப் பின்னால் கட்டப் போகிறோம். ரகசியம்.'

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் மெயிலைத் திறந்தாள். டிரம்ஸ் இல்லை. ஆனால் குதிரைச் சேணம் இருந்தது. குதிரைக்குத் தேய்க்கும் ஷாம்பூ இருந்தது. சவாரிக்குப் போடும் நீளமான பூட்ஸ்கூட இருந்தது.

அப்படியானால் சுருட்டைதான்.

இன்ஸ்பெக்டருக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிட அழுகை அதிகமாக வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே தட்டினாள்: 'நீ சனிக்கிழமை வர வேண்டாம். இனிமேல் எப்போதுமே வர வேண்டாம்.'

அனுப்பும் பட்டனுக்கு மேல் விரல் நின்றது. அதற்குள் மேசை மேலிருந்த அம்மாவின் போன் அடித்தது.

"ஏய், நான்தான் சுருட்டை. எங்கம்மாவோட பட்டன் போன்லேருந்து பேசறேன். எங்க தெருவுல குழி தோண்டி கேபிள வெட்டிட்டாங்க. ஒரு வாரமா நெட்டே இல்ல. நீ ஏதாவது எழுதினியா?"

இன்ஸ்பெக்டர் பட்டனிலிருந்து விரலை எடுத்தாள். "குதிரையப் பத்தி எழுதினேனே, படிக்கல?"

"என்ன குதிரை?"

"அதுக்கு முன்னாடி ஒண்ணு எழுதினேனே?"

"ஒண்ணையும் பாக்கல. ஏன் உன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஜலதோஷம். சனிக்கிழமை கண்டிப்பா வந்துடு."

போனை வைத்துவிட்டு, தட்டியதை எல்லாம் அழித்தாள். இன்னும் ஒரு நிமிஷம் கழித்து போன் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. சுருட்டை கடிதத்தைத் திறக்கவே இல்லை. அப்படியானால் திறந்தது யார்?

இன்ஸ்பெக்டர் திரையைப் பார்த்தாள். புறா அவளைப் பார்த்தது.

மெயிலில் தனக்குத் தானே ஒரு கடிதம் எழுதினாள். 'அன்புள்ள எனக்கு, நான் பாராசூட்டில் குதிக்கப் போகிறேன். இப்படிக்கு, நான்.' இதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. பிறகு அம்மாவுக்கு எட்டுப் பட்டன் தைத்துக் கொடுத்துவிட்டு வந்து மெயிலைத் திறந்தாள்.

'முதல் முறை பாராசூட்டில் குதிப்பவரா? பயம் வேண்டாம்' என்றது விளம்பரம்.

பக்கத்தின் அடி வரைக்கும் போய்த் தேடினாள். எறும்பு அளவு எழுத்தில் ஒரு வரி இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினாள்: "உங்களுக்கு ஏற்ற விளம்பரங்களைக் காட்டுவதற்காக, உங்கள் கடிதங்களை எங்கள் இயந்திரம் வாசிக்கும். இதற்கு நீங்கள் சம்மதித்துள்ளீர்கள்."

கழுத்தில் அளவு டேப் தொங்க, அம்மா குனிந்து பார்த்தார். "நான் எப்பச் சம்மதிச்சேன்? அந்தப் பச்சைப் பட்டனா? அத அமுக்கினாத்தானே உள்ளயே விடுது."

"அமுக்கறதுக்கு முன்னாடி படிச்சியா?"

"அம்பது பக்கம் இருந்துச்சு. யாரு படிப்பா? அது சரி, இது நெஜமாவே படிக்குதுன்னு உனக்கெப்படித் தெரியும்?"

மாட்டிக்கொண்டாள். சொல்லித்தான் ஆக வேண்டும். இன்ஸ்பெக்டர் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னாள். "எனக்குப் பேன் இருக்குன்னு எழுதினேன். பேன் விளம்பரம் வந்துச்சு."

கத்தரிக்கோல் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தாள். கேட்கவில்லை. கண்ணைத் திறந்தால், அம்மா முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு மாசம் முன்னாடி, எனக்கு முட்டி வலின்னு எலும்பு டாக்டருக்கு எழுதினேன்" என்றார் மெதுவாக. "மறுநாளே முட்டிக்குப் போடற பெல்ட்டா வந்துச்சு. வலி விஷயம் தெரி�்ச ஒரே ஆளு உங்க சித்தி. அவதான் ஊரெல்லாம் சொல்லிட்டான்னு நெனச்சு, அவகூட இன்னி வரைக்கும் பேசல."

இன்ஸ்பெக்டர் அம்மாவையே பார்த்தாள். இந்தச் சந்தேகப் புத்தி எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு இப்போது புரிந்தது.

அம்மாவின் பார்வை, பழுப்பு அட்டை போட்ட அளவு நோட்டின் மேல் விழுந்தது. அதை அவர் யாரையும் தொட விடமாட்டார். "ஒருத்தர் இடுப்பளவ இன்னொருத்தர்கிட்ட நான் வாய் தவறிக்கூடச் சொன்னதில்ல. ஆனா அத்தனையும் இது வழியாத்தானே அனுப்பினேன்? போன வாரம் அந்த பஸ் டிரைவர் வந்தப்ப, 'தொப்பை குறைய'ன்னு வந்து நின்னுச்சு. பாவம், போற வரைக்கும் வயித்த எக்கிக்கிட்டே நின்னாரு."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அம்மாவின் முகத்தில் வருத்தம் போகவில்லை.

இன்ஸ்பெக்டர் தேடித் தேடி, 'கடிதங்களை வாசிக்க அனுமதி' என்ற இடத்தைக் கண்டுபிடித்து அணைத்தாள்.

"இனிமே படிக்காதா?" என்று கேட்டார் அம்மா.

"படிக்காதுன்னு அதுவேதான் சொல்லுது. எனக்கு நம்பிக்கை இல்ல. மாஸ்டரோட ஆள் தினமும் துணி வாங்க வர்றாருல்ல? அளவ ஒரு சீட்டுல எழுதி துணிக்குள்ளயே மடிச்சு வெச்சிடு. டிசைன் மட்டும் மெயில்ல வரட்டும். காலரப் பத்தி யாரு தெரிஞ்சுக்கிட்டா நமக்கென்ன?"

அம்மா அவளை ஒரு மாதிரி பெருமையாகப் பார்த்தார். பிறகு சித்திக்குப் போன் போட்டார். ஒரு கையில் போன், இன்னொரு கையில் பேன் சீப்பு. பேச்சு முடிய ஒரு மணி நேரம் ஆனது. சீப்பும் அதுவரை நிற்கவில்லை. முடி மட்டும் அப்படியே தப்பித்தது.

சனிக்கிழமை காலை சுருட்டை வந்தாள். இன்ஸ்பெக்டர் வாசலிலேயே மறித்தாள்.

"உள்ள வர்றதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். எனக்குப் பேன் இருந்துச்சு. இப்ப போயிடுச்சு, கிட்டத்தட்ட. இன்னொண்ணு, அத நீதான் வெளிய சொல்லிட்டேன்னு நெனச்சு, வர வேண்டாம்னு ஒரு மெயில் எழுதினேன். அனுப்பல. மன்னிச்சுக்கோ."

சுருட்டை பையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். "அனுப்பியிருந்தாலும் வந்திருப்பேன். நெட்டுதான் இல்லையே."

அன்று சாயங்காலம் பல் டாக்டரம்மா திரும்பவும் காலர் பார்க்க வந்தார். அம்மா மெயிலைத் திறந்தார். பேன் போயிருந்தது. சேணம் இன்னும் போகவில்லை. வாசிக்கும் அனுமதியை அணைத்து இரண்டு நாள் ஆகிவிட்டதே என்று இன்ஸ்பெக்டர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"குதிரைய எங்க கட்டியிருக்கீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"குதிரையெல்லாம் இல்ல" என்றான் தம்பி. "அக்கா டிரம்ஸ் கத்துக்கப் போறா. ஆனா அது ரகசியம். நாய்க்கு மட்டும்தான் தெரியும்."

சுருட்டை சிரித்துச் சிரித்து அயர்ன் மேசையைப் பிடித்துக்கொண்டாள். புறா மட்டும், தனக்கு எதுவுமே தெரியாது என்பதுபோல் மூலையில் உட்கார்ந்திருந்தது.