பிடிச்சிட்டேன், விடு

கடிகாரக்காரன் அந்த வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது சாயங்காலம் ஆறு மணி. கீழே ஸ்டூடியோ, நடுவில் குடித்தனம், மேலே மொட்டைமாடி. ஸ்டூடியோவின் இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. ஏழு மாதமாக அவன் இந்தத் தெருப்பக்கமே தலைகாட்டவில்லை. இப்போதும் வந்திருக்க மாட்டான். போட்டோக்காரன் நாலு நாளாக விடாமல் போன் செய்து, "நீ கை வெச்சாத்தான்டா அது சரியாகும்" என்று கெஞ்சியதால் வந்தான். புகழ்ச்சிக்கு மயங்காத மனிதன் யார்?

போட்டோக்காரன் ஒரு டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அப்படிப் பிடித்தும் பாதி டீ சட்டையில்தான் இருந்தது.

"என்னடா இது, கிழவன் மாதிரி?"

"தோள் வலி. நரம்புன்னு டாக்டர் சொல்றார்" என்றான் போட்டோக்காரன். நண்பனின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

மேலே ஏறுவதற்கு முன் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். இந்த இருவரும், ஆந்தை என்று கூப்பிடப்பட்ட மூன்றாமவனும் சேர்ந்து வாங்கிய தொலைநோக்கியைச் சரிசெய்யத்தான் போட்டோக்காரன் கூப்பிட்டிருந்தான். வானத்தைப் படமெடுக்கிற பைத்தியம் மூன்று பேருக்கும் இருந்தது. இந்த வேலையில் தொலைநோக்கியைவிட அதைத் தாங்கும் மவுண்ட்தான் உயிர். வானம் நகர்கிற வேகத்துக்கு மவுண்டும் நகர வேண்டும். மயிரிழை பிசகினால் நட்சத்திரம் படத்தில் புள்ளியாக விழாது, புழுவாக நெளியும். மவுண்டின் பல்சக்கரங்களைத் திறந்து சரிசெய்வது கடிகாரக்காரனின் பொறுப்பு. கண்ணுக்குத் தெரியாத திருகை இடுக்கியால் எடுத்து வைக்கிற கை அது. அவன் கடிகாரக் கடைக்கு முதலீடு என்று எதுவும் கிடையாது, அந்த இரண்டு கைகளைத் தவிர.

தொலைநோக்கிக் குழாயின் எடை பதினோரு கிலோ. இருட்டில் ஒருவன் அதைத் தூக்கி மவுண்டின்மேல் அதைக் கவ்விக்கொள்கிற கிளாம்பில் வைத்துப் பிடித்துக்கொள்வான். இன்னொருவன் திருகுகளை முடுக்குவான். பிடித்திருப்பவன் "விட்டுடலாமா?" என்று கேட்க வேண்டும். மற்றவன் திருகை முடுக்கி, குழாய்க்கு அடியில் தன் கையையும் கொடுத்த பிறகுதான் "பிடிச்சிட்டேன், விடு" என்று சொல்ல வேண்டும். அதுவரை வானமே இடிந்து விழுந்தாலும் கையை எடுக்கக் கூடாது. இது ஆந்தை போட்ட சட்டம். பத்து வருடத்தில் அது மூவருக்கும் நாக்கோடு ஒட்டிப்போனது. கடிகாரக்காரன் வீட்டில் பரணிலிருந்து பெட்டி இறக்கும்போதுகூட அதையேதான் சொல்வான். பாதித் தூக்கத்தில் கேட்டாலும் பதில் வரும்.

அந்த ஆந்தை ஏழு மாதத்துக்கு முன் இதே மொட்டைமாடியிலிருந்து விழுந்து செத்துப்போனான். அன்று கடிகாரக்காரனுக்குக் காய்ச்சல். போட்டோக்காரன் மட்டும்தான் கூட இருந்தான். "கைப்பிடிச் சுவர் மேல ஏறி நின்னான்டா, சொல்லச் சொல்லக் கேக்கல" என்று அழுதான். ஸ்டூலிலிருந்து இறங்கவே சுவரைப் பிடிக்கிற ஆள் கைப்பிடிச் சுவரில் ஏறினானா என்று கடிகாரக்காரனுக்கு ஒரு நெருடல் இருந்தது. ஆனாலும் நம்பினான். நண்பனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

மாடியில் எல்லாம் பழையபடியே இருந்தது. இடுப்புக்குக்கூட வராத கைப்பிடிச் சுவர், மூலையில் தண்ணீர்த் தொட்டி, நடுவில் முக்காலி. தொலைநோக்கிப் பெட்டியைத் திறந்து பார்த்தபோது குழாயின் விளிம்பில் ஒரு பெரிய நசுங்கல்.

"இது எப்ப ஆச்சு?"

"மாடிப்படியில இடிச்சிட்டேன்."

"இவ்வளவு நசுங்கியும் உள்ள இருக்கிற கண்ணாடி உடையலையா?"

போட்டோக்காரன் படிக்கட்டுப் பக்கம் திரும்பினான். "பேட்டரி கீழ இருக்கு, எடுத்துட்டு வரேன். நீ ஆரம்பி" என்று படியிறங்கினான்.

இருட்டிக்கொண்டு வந்தது. கடிகாரக்காரன் சிவப்பு டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு முக்காலிமேல் மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை வைத்தான். மூன்று கால்களையும் ஏற்றி இறக்கி, அதன் குமிழியை நடுவில் நிறுத்தினான். மவுண்டைப் பூட்டினான். பல்சக்கரத்தில் இருந்த ஆட்டத்தை எடுத்தான். மறுபடி பார்த்தபோது குமிழி படிக்கட்டுப் பக்கமாக ஒதுங்கியிருந்தது.

பாரம் ஒரு பக்கம் அழுத்தினால் குமிழி எதிர்ப்பக்கம் ஓடும். அப்படியென்றால் பாரம் கைப்பிடிச் சுவர்ப் பக்கம் இருக்கிறது.

தளக்கல் ஆடுகிறது, நம் காலடி பட்டு நகர்ந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். காலைத் திருகிக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தான். பிறகு அசையாமல் உட்கார்ந்து அதையே பார்த்தான்.

குமிழி மெல்ல நகர்ந்தது.

யாரோ சுவர்ப் பக்கத்திலிருந்து இரண்டடி எடுத்து வைத்து அருகில் வந்து நின்றதைப் போல நகர்ந்தது.

காற்றில் தைலவாசனை. மூட்டுக்குத் தேய்க்கிற தைலம். ஆந்தை இருக்கும் இடத்தில் எப்போதும் அடிக்கிற வாசனை அது.

பயமாகத்தான் இருந்தது. ஆனால் பாதி வேலையில் எழுந்து போய்விட்டால் நாளைக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான் போட்டோக்காரன். எனவே மண்டியிட்டு, மவுண்டின் அச்சுக்குள் இருக்கிற சின்னத் தொலைநோக்கியில் கண்ணை வைத்தான். துருவ நட்சத்திரத்தை அதன் வட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். வந்தது. திருகை முடுக்கப் போனான்.

நட்சத்திரம் மறைந்தது.

மேகமே இல்லாத வானம். குறுக்கே ஒரு தலை வந்தால் மறைவது போல மறைந்து, மூன்று எண்ணுவதற்குள் மறுபடி தெரிந்தது.

"டேய், விளையாடாதே" என்றான். மாடிப்படியிலிருந்து எந்தச் சத்தமும் இல்லை.

சீக்கிரம் முடித்துவிட்டு இறங்கிவிடலாம் என்று குழாயைத் தூக்கிக் கிளாம்பில் வைத்தான். இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலை. ஒரு கையால் குழாயை மார்போடு அணைத்துக்கொண்டு மறு கையால் திருகைத் தேடினான். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. சட்டென்று பாரம் இறங்கியது. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு ஆள் தாங்கிப் பிடித்தது போல அத்தனை பாரமும் போய்விட்டது. போட்டோக்காரன் வந்துவிட்டான் என்று நினைத்து இரண்டு கையாலும் திருகுகளை முடுக்கினான்.

"விட்டுடலாமா?" என்று குழாய்க்கு அந்தப் பக்கமிருந்து மெதுவாகக் கேட்டது.

"பிடிச்சிட்டேன், விடு" என்றான் கடிகாரக்காரன்.

பாரம் அவன் கைகளில் இறங்கியது.

திருகு முடுக்கியாகிவிட்டது. குழாய் கிளாம்பில் அசையாமல் நிற்கிறது. அவன் அதைத் தொடக்கூட இல்லை. வெறும் கையில் பதினோரு கிலோ கனத்தது. கீழே வைக்க எதுவுமில்லாத பாரம். கையை உதறினான். உள்ளங்கை விரியவில்லை.

அப்போதுதான் படிக்கட்டில் வெளிச்சம் தெரிந்தது. போட்டோக்காரன் ஏறி வந்தான். பெரிய கார் பேட்டரியை ஒற்றைக் கையில் ஆட்டிக்கொண்டு வந்தான்.

டீ கிளாஸைத் தூக்க முடியாதவன்.

பேட்டரியைக் கீழே வைத்துவிட்டுத் தன் மணிக்கட்டுகளைச் சுழற்றிப் பார்த்தான். விரல்களை மடக்கி நீட்டினான். அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. சந்தோஷத் தண்ணீர்.

"பதில் சொல்லிட்டியா?" என்று கேட்டான்.

"யாருக்குடா? யாருடா இங்க இருந்தது?"

"உனக்குத் தெரியாதா?"

கடிகாரக்காரன் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்துகொண்டான். போட்டோக்காரன் படிக்கட்டை விட்டு ஓர் அடிகூட முன்னால் வராமல் பேசினான்.

"அன்னிக்கு முக்காலியைச் சுவரோரமா வெச்சிருந்தோம். நான் போன் பாத்துட்டு இருந்தேன். அவன் குழாயைப் பிடிச்சிட்டுக் கேட்டான். பிடிச்சிட்டேன்னு வாயில சொன்னேன். பிடிக்கல, திருகையும் முடுக்கல. குழாய் நழுவிச் சுவரைத் தாண்டப் போச்சு. அவன் பாய்ஞ்சு கட்டிப் பிடிச்சான். கீழ விழுந்தப்பவும் விடல. அவன் மேலதான் விழுந்துச்சு. அதான் கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகல."

கடிகாரக்காரன் விரியாத தன் உள்ளங்கைகளைப் பார்த்தான்.

"மறுநாள்லேருந்து என் கையில இந்தப் பாரம். பொழுது சாஞ்சா வந்து கேக்குறான். நான் சொல்ற பதிலை அவன் எடுத்துக்க மாட்டேங்கறான். வேற ஆள் சொல்லணும், நம்ம பாஷை தெரிஞ்ச ஆள். உன்ன விட்டா யாருடா இருக்கா?"

"அதுக்காக என்னைக் கூப்பிட்டியா? கை வெச்சாத்தான் சரியாகும்னு சொன்னது இதுக்கா? இந்தக் கைய வெச்சுத்தான்டா நான் பொழைக்கிறேன்."

"நானும் ஏழு மாசம் பிடிச்சேன்ல" என்றான் போட்டோக்காரன், ஏதோ முறை வைத்துக் காவல் காத்தவனைப் போல. பிறகு படியிறங்கிப் போனான். போகும்போது சீட்டியடித்தான்.

நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்களே, அது இதுதான். பேயைக்கூடக் கடிகாரக்காரன் மன்னித்துவிடுவான். பேய் ஒழுங்காகத்தான் கேட்டது. செத்த பிறகும் சட்டத்தை மீறாமல் கேட்டது. இந்த உயிரோடு இருக்கிறவனை என்ன செய்வது?

மறுநாள் கடையில் ஒரு திருகை எடுக்கப் போனான். இடுக்கி கையிலிருந்து விழுந்தது. மறுபடி எடுத்தான், மறுபடி விழுந்தது. மூன்றாம் நாள் வாடிக்கையாளர் ஒருவர் தன் அப்பாவின் கைக்கடிகாரத்தை நீட்டியபோது, வாங்கிக்கொள்ளப் பயந்து, "வேலை நிறைய இருக்குங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பினான். மருந்துக்கடை எடை இயந்திரத்தில் ஏறி நின்றான். அறுபத்திரண்டு கிலோ ஆள் அவன். எழுபத்து மூன்று காட்டியது.

போட்டோக்காரன் போனை எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் ஸ்டூடியோவில் பூட்டு தொங்கியது.

மனைவி கேட்டாள். "தோள் வலி. நரம்பாம்" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். சொன்ன பிறகுதான் அது யாருடைய பொய் என்று உறைத்தது. உண்மையைச் சொன்னால் பயந்துபோவாள், அதற்காகத்தான் சொல்லவில்லை என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டான்.

தினமும் பொழுது சாய்ந்ததும் தைலவாசனை வந்தது. காதோரம் அந்தக் கேள்வியும் வந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஒன்றே ஒன்றுதான் ஆறுதல். அந்த ஓடிப்போனவனைத் தவிர இந்தப் பாஷை தெரிந்தவர்கள் இனி யாருமில்லை. இந்தத் துரோகம் தன்னோடு முடிந்துவிடும்.

பதினோராம் நாள் சாயங்காலம் அவன் மேசைமுன் உட்கார்ந்திருந்தான். டீ ஆறிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் தூக்கினாலும் சிந்தும் என்று தொடவில்லை. சமையலறையில் மனைவி ஸ்டூல்மேல் ஏறி நின்று, இந்தப் பக்கம் முதுகைக் காட்டியபடி, பரணில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

தைலவாசனை வந்தது. ஆனால் அவன் பக்கத்தில் நிற்கவில்லை.

அவனைக் கடந்து போனது.

சமையலறைப் பக்கம் போனது.

பத்து வருடமாக, பெட்டி இறக்கும்போதெல்லாம், அவனிடம் அந்தப் பதிலைக் கற்றுக்கொண்டவள் அங்கே நிற்கிறாள் என்பது அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது.

"விட்டுடலாமா?" என்று கேட்டது குரல். ஒரு கணவன் கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டது.

கடிகாரக்காரன் வாயைத் திறந்தான். கத்த நேரம் இருந்தது. பதில் சொல்லாதே என்று ஒரு வார்த்தை போதும். மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தான். ஒரு மூச்சு நேரம்தான் பார்த்தான்.

"பிடிச்சிட்டேன், விடுங்க" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே.

விரல்கள் தாமாக விரிந்தன. கை பூப்போல இருந்தது. அவனுக்கு முதலில் வந்தது அழுகையில்லை, பயமில்லை. சந்தோஷம். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் வந்தது.

மேசைமேல் இருந்த டீ கிளாஸை ஒற்றைக் கையால் எடுத்தான். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

சமையலறையில் ஏதோ விழுந்து உடைந்தது. பிறகு அவள் குரல் கேட்டது.

"என்னங்க... பிடிச்சிட்டேன்னு சொன்னேனே. நான் எதைப் பிடிச்சேன்?"