பவுனம்மாளின் சிகிச்சை அட்டை

1994. தீபாவளி முடிந்து இரண்டாம் நாள், காலை 8.10. மலேசியாவின் கிள்ளானில் ஒரு தனியார் கதிர்சிகிச்சை நிலையம். பவுனம்மாளின் சிகிச்சை அட்டையைக் காணவில்லை. அவருக்கு இதுவரை எத்தனை முறை, எவ்வளவு கதிர், பேச்சு வழக்கில் 'கரண்டு', கொடுத்தார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருந்தது. அது இல்லாமல் சிகிச்சையைத் தொடர முடியாது. காப்பாரிலிருந்து வந்த பவுனம்மாள் கூடத்தில் காத்திருந்தார்.

பழி, இயந்திரத்தை இயக்கும் இராசேஸ்வரி மேல் விழுந்தது. ஜனவரியிலிருந்து காப்புறுதி (இன்சூரன்ஸ்) நிறுவனங்கள் ஒவ்வொரு முறைக்கும் பணம் தரப்போவதில்லை; ஒரு நோயாளிக்கு ஒரே தொகைதான். வருமானம் குறைவதால் அவளோ, பில் அடிக்கும் கன்னையாவோ, ஒருவர் வேலையை விட்டுப் போகவேண்டியிருந்தது.

8.50. பிரிக்பீல்ட்ஸிலிருந்து அவளுடைய பெரியப்பா வந்தார். ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர் யோகநாதன்.

"எங்க குடும்பத்துல களவுப் பேர் எடுத்தவங்க இல்ல, டாக்டர். ஒரு மணி நேரம் கொடுங்க."

நிலையத்தை நடத்தும் டாக்டர் குணபூசணி தலையசைத்தார்.

"கன்னையா, அட்டையைக் கடைசியா எங்க பார்த்தீங்க?" என்று கேட்டார் யோகநாதன்.

"இந்தப் பொண்ணு கையிலதான் சார். நேத்து பத்து மணிக்கு அந்த அம்மாவுக்குக் கரண்டு வச்சிட்டு வெளிய வந்துச்சு. அட்டையைப் பேக்ல போட்டத என் கண்ணால பார்த்தேன் லா."

"நேத்து நான் அட்டையைத் தொடவே இல்ல, பெரியப்பா."

"ஏன் தொடல?"

இராசேஸ்வரி பவுனம்மாளைப் பார்த்தாள்.

யோகநாதன் பவுனம்மாள் அருகில் உட்கார்ந்தார். "தீபாவளி எப்படிம்மா?"

"மருமவ தலையிலருந்து கால் வரைக்கும் எண்ணெ தேச்சு ஊத்துனா. அதான் ஒரு சொகம்."

சுவரில் ஓர் அறிவிப்பு: 'தோலில் போட்ட கோட்டில் எண்ணெய், சோப்பு படக்கூடாது.'

9.30. "டாக்டர், இந்த அம்மாவுக்குக் கோடு இருக்கான்னு பாருங்க."

டாக்டர் உள்ளே அழைத்துப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "சுத்தமா அழிஞ்சிருக்கு."

"கோடு இல்லாம நேத்து கரண்டு வச்சிருக்க முடியுமா?"

"முடியவே முடியாது. அதை வச்சுத்தான் குறி பார்ப்போம்."

பவுனம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "டாக்டரு ஏசுவாங்க, சொல்லிடாதன்னு நான்தாங்க கெஞ்சினேன். நாளைக்கு வாங்கன்னு இந்தப் பொண்ணு அனுப்பிச்சிருச்சு, பாவம்."

"நடக்காத ஒண்ண நீங்க பார்த்திருக்கீங்க, கன்னையா. கோடு அழிஞ்சது கவுண்டர்ல இருக்கற உங்களுக்குத் தெரியாது. அட்டை எங்க?"

கன்னையா டைப்ரைட்டரைத் தூக்கினார். அடியில் அட்டை கிடந்தது.

"ஒரு ஆளுக்கு இருபத்தஞ்சு பில் அடிச்சேன் சார். இனிமே ஒண்ணுதான். என்னை யாரு வச்சுக்குவா?"

"போலீசுக்குச் சொல்லவா?" என்றார் டாக்டர்.

யோகநாதன் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். "எங்க பேரு திரும்பி வந்துச்சு. அது போதும்."

இராசேஸ்வரி அட்டையை எடுத்துக்கொண்டாள். "டாக்டர், இனிமே ஒரே தொகைன்னா, கோடு அழிஞ்சு வீணாப்போற ஒவ்வொரு நாளும் நம்ம நஷ்டம். எண்ணெ தேய்க்காதீங்கன்னு போன் பண்ணிச் சொல்ல ஒரு ஆள் வேணும். பாக்காததையே இவ்வளவு நல்லா சொல்றாரு கன்னையா அண்ணன். இதைச் சொல்ல மாட்டாரா?"

டாக்டர் தொலைபேசியைக் கன்னையா பக்கம் நகர்த்தினார்.

"பொங்கலுக்கும் எண்ணெ தேய்ப்பாங்க. அதுவரைக்கும் இவரை வச்சுப் பார்ப்போம்."